தூக்கத் தெரியும், தாங்கத் தெரியுமா?

ஜாக் என்னும் கருவியை நம் மாணவர்கள் பள்ளியில் இரண்டு முறை சந்திக்கிறார்கள். எளிய எந்திரங்களைப் பற்றிய பாடத்தில் அது திருகு ஜாக்காக வருகிறது. பாஸ்கல் விதியைப் பற்றிய பாடத்தில் நீரியல் ஜாக்காக வருகிறது. பிறகு, வீட்டில் ஒரு கார் வந்ததும், அதன் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் மூன்றாம் முறையாகச் சந்திக்கிறார்கள். இப்போது பாடப்புத்தகத்தோடு வேறு இரு ஆசிரியர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒன்று, காரோடு வரும் கையேடு. மற்றது, பட்டறைகளிலும் சாலையோரத்திலும் கண்டு பழகும் கைப்பழக்கம்.

டயர் மாற்றுவதும், எண்ணெய் மாற்றுவதும், பிரேக்கைப் பார்ப்பதும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகள்தாம். இவற்றில் பெரும்பாலானவற்றிற்கு வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தியாக வேண்டும். ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தலைக்கு மேலே நிறுத்திவிட்டு வேலை செய்யப் போகிறவருக்கு இந்த மூன்று ஆசிரியர்களும் எவ்வளவு தூரம் துணைக்கு வருகிறார்கள்? அதைத் தேர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேர்வு நடத்துவதற்குச் சமவெளி வேண்டாம்; குரங்கணிக்குப் போவோம்.

சரிவோடு வாழும் ஊர்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது குரங்கணி. அதற்கு மேலே கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் கீழே கோட்டகுடிக்கு இறங்கியது. பிறகு வண்டியில் போடிக்குப் போயிற்று. 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துபோயிற்று. இன்று ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்பவை ஜீப்புகள். இப்பகுதியில் சமதரை என்பது தேடிப் பிடிக்க வேண்டிய பொருள். வண்டி பழுதுபட்டால் நிற்பது பெரும்பாலும் சரிவில்தான்.

பாடப்புத்தகம் சொல்வதும் சொல்லாததும்

முதலில் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அது தன் வேலையைத் திறம்படச் செய்கிறது என்பதை மறுக்க முடியாது. திருகின் புரியிடைத் தூரம் 3 மில்லிமீட்டர், கைப்பிடியின் நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் கை சுமார் 94 சென்டிமீட்டர் நகர்கிறது. சுமையோ 3 மில்லிமீட்டர்தான் உயர்கிறது. உராய்வே இல்லையெனில் நாம் செலுத்தும் விசை 314 மடங்காகப் பெருகும். ஒரு சிறுவன் காரைத் தூக்குவது மாயமல்ல, கணக்கு என்று மாணவர் உணர்ந்துகொள்கிறார். இது நல்ல பாடம்.

ஆனால் அந்தப் பாடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு சிறிய விசையால் எவ்வளவு பெரிய எடையைத் தூக்கலாம்? தூக்கிய எடை அங்கேயே நிற்குமா என்ற இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. அதற்கான விடை இன்னொரு பாடத்தில், ஈர்ப்பு மையமும் சமநிலையும் என்ற தலைப்பில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

உராய்வைப் பற்றிப் பேசும் முறையிலும் ஒரு குறை உண்டு. உராய்வினால் எந்திர லாபம் குறைகிறது, ஆற்றல் வீணாகிறது என்று படிக்கிறோம். இது உண்மையே. எனினும் கைப்பிடியை விட்டபின் திருகு தானாகப் பின்னுக்குச் சுழன்று கார் கீழே இறங்காமல் இருப்பது எதனால்? அதே உராய்வினால்தான். தானே பூட்டிக்கொள்ளும் திருகு ஜாக்கின் திறன் ஐம்பது விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும் என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட உண்மை. அதாவது, நாம் இழந்த ஆற்றல் நம்மைக் காக்கும் காவலுக்குக் கொடுத்த கூலி.

நீரியல் ஜாக்கில் இந்தக் காவல் இல்லை. பாஸ்கலின் கண்டுபிடிப்பை வைத்து 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பாட்டில் ஜாக்கும் டிராலி ஜாக்கும் அதன் வழித்தோன்றல்களே. அவற்றில் காரைத் தாங்கி நிற்பது உள்ளே அடைபட்ட எண்ணெய். அந்த எண்ணெயைத் தாங்கி நிற்பது ஒரு சிறு அடைப்பிதழும் ஒரு வால்வும். அவை கசிந்தால் கார் மெல்ல இறங்கும். அறுந்தால் ஒரே நொடியில் இறங்கும். ஆகவே நீரியல் ஜாக் தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு உரியதன்று.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு தீப்பெட்டியைக் குறுகிய பக்கத்தில் செங்குத்தாக ஓர் அட்டையின் மீது நிறுத்துங்கள். உயர்த்தி நிறுத்திய கத்தரி ஜாக்கின் உயரத்துக்கும் அடிப்பரப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய இதுதான். அட்டையை மெதுவாகச் சாயுங்கள். அல்லது தீப்பெட்டியின் மேல்முனையை விரலால் சற்றே பக்கவாட்டில் தள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள அடியின் மீது நிற்கும் ஜாக், தன் தலை 5 சென்டிமீட்டர் நகர்ந்தாலே சுமையை அடிப்பரப்புக்கு வெளியே கொண்டுபோய்விடும். அதன் பிறகு எந்திர லாபம் எத்தனை மடங்காக இருந்தும் பயனில்லை.

கையேட்டின் கட்டளைகள்

அடுத்து, காரோடு வரும் கையேடு. வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்துக. சக்கரத்துக்கு அடை கொடுக்க. ஜாக்கை அதற்கெனக் குறிக்கப்பட்ட இடத்தில் மட்டும் வைக்க. ஜாக்கின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் புகாதிருக்க. இவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. கையேடு கட்டளையிடுகிறது, காரணம் சொல்வதில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கட்டளையிடுகிறது. காரணம் தெரியாத கட்டளையை மனிதன் அவசரத்தில் முதலில் கைவிடுவான்.

"சமதரையில் நிறுத்துக" என்பதற்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் நிற்கும் 1000 கிலோ காரைச் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பைத் தடுத்து நிறுத்துபவை சக்கரங்கள். அவற்றில் ஒன்றை நாம் தரையிலிருந்து தூக்கிவிடுகிறோம்.

"கியரில் போட்டுத்தானே வைத்திருக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். இங்குதான் டிபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி நம்மை ஏமாற்றுகிறது. வளைவில் திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது அதன் வேலை. எஞ்சின் அதன் நடுப் பல்சக்கரத்தை அசையாமல் பிடித்திருந்தாலும், ஒரு பக்கச் சக்கரம் முன்னுக்கும் மற்றப் பக்கச் சக்கரம் பின்னுக்கும் சுழல முடியும். எஞ்சினால் இயங்கும் இரு சக்கரங்களில் ஒன்றைத் தூக்கினால் போதும். அந்தரத்தில் நிற்பது பின்னுக்குச் சுழல, தரையில் இருப்பது தாராளமாக உருளும். கியரின் பிடி அந்தக் கணத்திலேயே போய்விடுகிறது.

கைப்பிரேக் காப்பாற்றாதா? இன்றைய கார்களில் பெரும்பாலும் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் அதன் பிடியில் பாதி போயிற்று. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளின் நிலை இதைவிடக் கடுமையானது. அவற்றின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரப்பல்லர் ஷாப்டின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆகவே பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியவுடன், டிபரன்ஷியல் வழியாகவே, கியரோடு கைப்பிரேக்கின் பிடியும் போய்விடும். மலைச்சரிவில் ஜீப்பை உயர்த்துகிறவர் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இது. இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால், அடை கொடுக்க மறந்திருப்பவர் எவர்?

கைப்பழக்கத்தின் நல்லதும் கெட்டதும்

மூன்றாவது ஆசிரியரான கைப்பழக்கம் இந்த இடத்தில் மற்ற இருவரையும் வென்றுவிடுகிறது. சரிவில் லாரி நின்றதும் கிளீனர் குதித்திறங்கி முதலில் செய்வது சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது. கோயில் தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுவோர் நம்மிடையே நெடுங்காலமாக இருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் நீரியல் பிரேக் பொருத்திய பின்னும் முட்டுக்கட்டைகள் ஓய்வு பெறவில்லை. பேச்சு வழக்கில் மட்டும் முட்டுக்கட்டை என்பது பழிச்சொல்லாகிவிட்டது. உராய்வுக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்!

ஆனால் அதே கைப்பழக்கம் செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் அடுக்கி அதன் மேல் காரை இறக்குகிறது. இதை வன்மையாகக் கண்டிக்க வேண்டும். சுவரில் பரவலாக வரும் எடையைத் தாங்கும் கல், ஒரு முனையில் குவிந்து வரும் எடையில் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். உருக்கு வளைந்து காட்டும். மரம் முனகிக் காட்டும். கல் எதையும் காட்டுவதில்லை.

மண்ணையும் கைப்பழக்கம் கணக்கில் கொள்வதில்லை. ஜாக்கின் அடி 100 சதுர சென்டிமீட்டர், அதன் மேல் 300 கிலோ என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 3 கிலோ இறங்குகிறது. 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனத்த பலகையை அடியில் போட்டால் அது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். மழையில் ஊறிய மலைமண்ணில் ஜாக் ஒரு பக்கமாகப் புதைந்து சாய்வதற்கும் நேராக நிற்பதற்கும் இவ்வளவுதான் வேறுபாடு.

எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

குறை சொன்னவர் நிறைவு செய்யவும் கடமைப்பட்டவர். காரணத்தோடு கூடிய முறை இதோ:

சரிவில் டயர் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் புகவேண்டிய வேலை எதுவானாலும், குரங்கணியிலிருந்து போடிக்கு இறக்கிக் கொண்டுபோய்ச் சமமான சிமெண்டுத் தரையில் செய்யுங்கள்.

தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவக் கட்டை கொடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கக் கட்டை டயரை இறுக ஒட்டியிருக்க வேண்டும். உருண்டைக் கல் தானே உருளும், அது ஆகாது.

வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். தூக்கிய பின் ஸ்பானரை மிதித்தால் அந்த உதை ஜாக்கின் தலையைப் பக்கவாட்டில் தள்ளும். தீப்பெட்டியை நினைவில் வையுங்கள்.

கழற்றும் சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவையுங்கள். ஜாக் சரிந்தாலும் வண்டி தரைவரை வராது.

அடியில் வேலை செய்ய வேண்டுமானால், தூக்கியதும் எடையை உருக்கு ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். அவற்றில் கசிய எண்ணெய் இல்லை. பல்லோ ஊசியோ நேரடியாகத் தாங்குகிறது. அவற்றின் மேல் குறித்துள்ள தாங்கு அளவைப் பாருங்கள். பிறகு, வெளியே நின்றபடியே வண்டியை ஒரு முறை நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும். துணைக்கு ஒருவர் அருகில் இருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. சாய்தளம், உராய்வு, அழுத்தம், ஈர்ப்பு மையம் ஆகிய நான்கும் ஏற்கெனவே நம் பாடங்களில் தனித்தனியே இருப்பவைதாம். அவற்றை ஒரு ஜாக்கின் அடியில் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. "இந்த ஜாக்கின் எந்திர லாபம் என்ன?" என்று தேர்வில் கேட்கும் ஆசிரியர், அடுத்த வரியில் இன்னொன்றும் கேட்கட்டும்: "இந்த வண்டி சரிவில் நிற்கிறது, பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் அதை எது பிடித்து நிறுத்தும்?" இந்தக் கேள்விக்கு விடை எழுதப் பழகிய மாணவர், பின்னாளில் கல் அடுக்கிய காருக்கு அடியில் புகமாட்டார்.