ஒரு டெம்மி பக்கத்தின் அகலம்: கேலக்சி டேப் ஏ9 பிளஸ், ஓராண்டுப் பழக்கத்தில்

அப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். போன வருடம் ஒரு மதிய நேரம், இணைய நூலகத்திலிருந்து இறக்கிய பழைய இலக்கண உரை ஒன்றைப் போனில் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். எழுத்து தெரிவதற்காக இரண்டு விரலால் விரிப்பார். வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வலப்பக்கம் தள்ளிப் படித்து முடித்து, அடுத்த வரிக்காக மறுபடி இடப்பக்கம் இழுப்பார். இழுக்கும்போது வரி தவறிவிடும். ஒரு பக்கம் முடியக் கால் மணி நேரமானது. "படிச்சது பாதி, தேடினது பாதி" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு டேப் வாங்குவதென்று முடிவுசெய்தேன். 20,000 ரூபாயை ஒட்டிய விலையில் தேடி, சாம்சங் கேலக்சி டேப் ஏ9 பிளஸ் வாங்கினோம். 2023-இல் வெளிவந்த மாடல். 11 அங்குலத் திரை, ஸ்னாப்டிராகன் 695 சிப், 7040 எம்.ஏ.எச். பேட்டரி, நான்கு ஸ்பீக்கர், 480 கிராம் எடை. வேகத்தை அளக்கும் சோதனைகள் எதையும் நான் நடத்தவில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவரும், பள்ளிக்குப் போகும் ஒரு பெண்ணும், வேலைக்குப் போகும் நானும் ஓராண்டு இதை என்ன செய்தோம், இது எங்களுக்கு என்ன செய்தது என்பதுதான் இந்த விமர்சனம்.

அளவுகோலால் ஒரு சோதனை

டேப் வந்த அன்று நான் முதலில் எடுத்தது மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த அளவுகோலை. நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 14.8 சென்டிமீட்டர், உயரம் 23.7 சென்டிமீட்டர். தமிழ்ப் புத்தகங்கள் பல டெம்மி அளவில் அச்சாகின்றன. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து அளந்தேன்: அகலம் 14, உயரம் 21.5. திரைமேல் வைத்தேன். புத்தகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஓரம் மட்டுமே மிஞ்சியது.

அப்பா போனில் பட்ட அவதிக்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. நம் கையிலிருக்கும் சாதாரண போன் திரை ஏழு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. 14 சென்டிமீட்டர் பக்கம் அதற்குள் நுழைய வேண்டுமானால் பாதியாகச் சுருங்க வேண்டும். பத்துப் பாயிண்டில் அச்சான எழுத்து ஐந்து பாயிண்டாகிவிடும். ண-வுக்கு மூன்று சுழியா, ன-வுக்கு இரண்டு சுழியா என்று எண்ணிப் படிக்கும் மொழியில் ஐந்து பாயிண்ட் என்பது கண்ணுக்குத் தண்டனை. டேப்பில் அதே பக்கம் அச்சான அளவிலேயே, ஒரு நூல் பெரிதாகவே விழுகிறது. விரிக்க வேண்டாம், தள்ள வேண்டாம். வரி முடிந்தால் கண் தானாக அடுத்த வரிக்கு இறங்குகிறது.

இத்தகைய திரைகளின் 16:10 விகிதம் படம் பார்ப்பதற்காக வைத்தது என்பார்கள். டெம்மி பக்கத்தின் விகிதமும் அதற்கு வெகு அருகில் இருப்பது தமிழ் வாசகருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. ஏ4 அளவுக் காகிதங்களை அதிகம் படிப்பவருக்கு, சற்று அகலமான ஐபேட் திரை இன்னும் பொருந்தும்.

ஸ்கேன் பிரதிகளுக்கு ஒரு துணை

மின்னூல்களில் இரண்டு வகை உண்டு. ஈபப் வகையில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். அதைப் போனிலும் சுகமாகப் படிக்கலாம். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். படத்தில் வரி மடங்காது.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் செல்வத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகைதான். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்து தந்தது. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைக் காத்துவரும் நூலகம் தளத்திலும் பெரும்பாலானவை பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. மறுபதிப்பே காணாத நூல்கள், நின்றுபோன இதழ்கள் அங்கே கிடக்கின்றன. யாரோ முதுகு வளைத்து ஸ்கேன் செய்து வைத்த அந்த உழைப்பு, படிக்க ஏற்ற திரை இல்லாததால் வீணாகிவிடக் கூடாது. டேப் வாங்க எனக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா கூடத்தில் பழைய பதிப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். "தாத்தா, இந்த எழுத்துக்கு என்ன யானைத் துதிக்கை மாதிரி இருக்கு?" என்றாள். அவள் கேட்டது பழைய 'னை'. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் அச்சாயின. அப்பா டேப்பைத் தரையில் கிடத்தி, அந்த ஓர் எழுத்தை உள்ளங்கை அளவுக்கு விரித்தார். அவள் அதன்மேல் விரலால் சுழித்துப் பார்த்தாள். பிறகு பக்கம் முழுக்கத் துதிக்கைகளைத் தேடி எண்ணினார்கள். பதினொன்று இருந்தன. அன்று முதல் அவள் பழைய எழுத்தைத் தடுமாறாமல் படிக்கிறாள்.

இருவருக்கு நடுவே ஒரு திரை

அந்தச் சாயங்காலம்தான் டேப்பின் உண்மையான பயன் எனக்குப் பிடிபட்டது. போன் ஒருவர் முகத்தை மட்டும் பார்த்தபடி இருக்கிறது. இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் நம் கையைவிட்டுப் போக வேண்டும். டேப்பைத் தரையிலோ மேசையிலோ வைக்கலாம். வைத்துவிட்டால் அது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது.

எங்கள் தெருத் தையல்கார அக்கா இதை எனக்கு முன்பே கண்டுகொண்டவர். வெட்டும் மேசையில் சுண்ணக்கட்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் பக்கத்தில் பழைய டேப் ஒன்று நிற்கும். அதில் ஜாக்கெட் மாடல்கள்: பானைக் கழுத்து, போட் நெக், பஃப் கை, ஆரி வேலை என்று தனித்தனி ஆல்பம். "முன்னாடி போன்ல காட்டுவேன், தங்கச்சி. கையில வாங்கிப் பார்க்கிறப்பவே யாராவது கூப்பிட்டுருவாங்க. இப்ப டேப்ப மேசையில வச்சிடறேன். பொண்ணும் அம்மாவும் சேர்ந்து பார்த்து, அவங்களே பேசி முடிவு பண்ணிக்கிறாங்க" என்றார். நான் இருந்தபோது ஒரு கல்யாணப் பெண் ஆரி வேலைப் படத்தை விரித்து, முத்து வைத்த இடத்தையும் ஜர்தோசி ஓடும் இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, இது வேண்டும், அது வேண்டாம் என்று பிரித்துச் சொன்னாள். தைத்த பிறகு வரக்கூடிய மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்தது. அளவுகளை மட்டும் அக்கா இன்றும் நோட்டில்தான் எழுதுகிறார். அளவு ஜாக்கெட்டின் இடத்தை எந்தத் திரையும் பிடிக்கவில்லை.

வீட்டில் வீடியோ அழைப்பும் அப்படித்தான். இதன் முன்கேமரா நீளவாட்டு விளிம்பில் இருப்பதால், டேப்பைப் படுக்கைவாட்டில் நிறுத்தினால் மூன்று பேரும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். அப்பாவின் வாட்ஸ்அப்பை இணைக்கப்பட்ட சாதனமாக இதில் சேர்த்திருக்கிறேன். தம்பி வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால், யார் போனைப் பிடிப்பது என்ற சிக்கல் இல்லை.

மகளின் பாடம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு வருகிறது. திக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொளி திறக்கும். அரைக்கிலோ டேப்பைத் தூக்கிப் பிடித்து ஸ்கேன் செய்வது சிறு கைக்குச் சிரமம். குறியீட்டுக்கு அடியில் ஆறு எழுத்துக் குறி ஒன்று அச்சாகியிருக்கும். அதைத் தட்டச்சு செய்தாலே போதும். இதை அறிந்த பிறகு அவளுக்கு வேலை எளிதானது.

திரையை இரண்டாகப் பிரித்து ஒருபக்கம் காணொளி, மறுபக்கம் பாடநூலின் பி.டி.எஃப். வைக்கலாம். நான்கைந்து முறை செய்து பார்த்தாள். பாதித் திரையில் பாடநூல் மிகவும் சிறுத்துவிடுகிறது. இப்போது காணொளி மட்டும் டேப்பில். அச்சுப் புத்தகம் மடியில். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

தமிழில் எழுத

இடமிருந்து வலமாக 23 சென்டிமீட்டர் இருப்பதால், படுக்கைவாட்டில் வைத்து இரண்டு கை விரல்களையும் பரப்பித் தட்டலாம். தமிழ்99 விசைப்பலகை இப்படிப்பட்ட தட்டச்சுக்காகவே வகுக்கப்பட்டது: இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். போனில் கட்டைவிரலால் அடிக்கும்போது அந்த ஒழுங்கின் பயன் தெரிவதில்லை. முத்து நெடுமாறனின் செல்லினம் செயலியில் தமிழ்99 அமைப்பைத் தேர்ந்து, வீட்டுக் கடிதங்களும் இந்தக் கட்டுரையின் முதல் வரைவும் இதிலேயே அடித்தேன். கண்ணாடியில் விரல் தட்டும் அசதி அரைமணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு மேல் எழுதுபவர் புளூடூத் கீபோர்டு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பா தட்டுவதே இல்லை. மைக்கை அழுத்திப் பேசுகிறார். செந்தமிழாகப் பேசினால் பெரும்பாலும் சரியாக விழுகிறது. மதுரைப் பேச்சில் சொன்னால் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒரு டேப், மூன்று பூட்டு

நடுவில் வைக்கும் பொருளுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. என் வங்கி மின்னஞ்சல் மகள் கண்ணில் படும். அவள் பார்த்த காணொளிகளின் சாயல் தாத்தாவுக்கு வரும் பரிந்துரைகளில் ஏறும். ஆண்ட்ராய்டு டேப்களில் 2012 முதல் இதற்கு வழி இருக்கிறது. அமைப்புகளில் 'பயனர்கள்' பகுதியில் ஆளுக்கொரு கணக்கு தொடங்கினேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனி முகப்பு, தனிச் செயலிகள். மகளின் கணக்கை ஃபேமிலி லிங்க் வழியாகக் கட்டுப்படுத்தி, இரவு எட்டரைக்கு மூடும்படி வைத்திருக்கிறேன். அப்பாவின் முகப்பில் நான்கே படங்கள்: புத்தகம், வாட்ஸ்அப், யூடியூப், கேமரா. எழுத்தளவு பெரிது. அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை என்பதில் அவருக்கு இருக்கும் பெருமிதம் எனக்குத் தெரியும்.

ஐபேடில் வீட்டு உபயோகத்துக்கு இந்த வசதி கிடையாது. பள்ளிகளும் நிறுவனங்களும் நிர்வகிக்கும் ஐபேடுகளில் மட்டுமே பகிர்வு உண்டு. கூட்டாகப் பயன்படுத்த நினைக்கும் குடும்பம் வாங்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

தெரிந்து வாங்க வேண்டியவை

15 வாட் வேகத்தில்தான் சார்ஜ் ஏறும். பெரிய பேட்டரி என்பதால் முழுதாக ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிடுங்கள். படிக்க மட்டும் என்றால் எங்களுக்கு இரண்டு நாள் வருகிறது.

இது பேனாவை ஏற்காது. பக்க ஓரத்தில் குறிப்பெழுதிப் பழகிய அப்பாவுக்கு அது பெரிய குறை. எழுதவும் வரையவும் விரும்புபவர், எஸ்6 லைட் போலப் பேனாவோடு வரும் டேப்பைப் பார்க்கலாம். கைரேகைப் பூட்டும் கிடையாது. எல்.சி.டி. திரை என்பதால் மொட்டைமாடி வெயிலில் எழுத்து மங்கும்.

உறையில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நாங்கள் முதலில் வாங்கிய மலிவு உறையின் காந்தம் இரண்டே மாதத்தில் பிடி விட்டது. நிறுத்தி வைத்த டேப் சமையல் மேடையிலிருந்து சரிந்து, ஒரு மூலை நசுங்கியது. திரை தப்பியது. இப்போது கனமான ரப்பர் ஓரம் வைத்த உறை போட்டிருக்கிறோம்.

எடையும் ஒரு செய்தி. 2010-இல் வந்த முதல் ஐபேட் 680 கிராம். அதோடு ஒப்பிட்டால் இது இலேசுதான். ஆனாலும் மல்லாந்து படுத்துக்கொண்டு படித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். அப்பா இதற்குத் தாமே வழி கண்டார். பரணில் கிடந்த பாட்டியின் வியாசபீடத்தை இறக்கித் துடைத்தார். பாட்டி ராமாயணம் படித்த மடக்கு மரப்பலகை. அதில் டேப் கச்சிதமாக உட்கார்ந்தது. சம்மணமிட்டு, இரண்டு கையும் மடியில் இருக்க, ஒரு விரலால் பக்கம் தள்ளிப் படிக்கிறார். கால் மணி நேரம் எடுத்த பக்கம் இப்போது மூன்று நிமிடம். போனில் கைவிட்ட இலக்கண உரையை ஐந்து வாரத்தில் முடித்துவிட்டார்.

யாருக்கு ஏற்றது?

கைக்கடக்கமான தனித்திரை வேண்டுபவருக்குப் போனே போதும். அலுவலக வேலைக்கு மடிக்கணினியை எதுவும் மிஞ்சாது. ஸ்கேன் நூல்களைப் படிப்பவர், பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் வீடு, எதிரில் இருப்பவருக்குப் படம் காட்டி வேலை வாங்கும் கைத்தொழிலாளி ஆகிய மூவருக்கும் இந்த விலைக்கு இது நல்ல பொருள். மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ அடிக்கடி படிக்கும் புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விற்பனையாளர் மெகாபிக்சல் சொல்லத் தொடங்கும் முன், அந்தப் புத்தகத்தை எடுத்துத் திரைமேல் வையுங்கள். பக்கம் அதற்குள் அடங்கினால் வாங்கலாம்.