தானா ராத்தா: யார் போட்ட முதல்?

கேமரன் மலையைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் இரண்டு கட்சிகளைக் காணலாம். மலையைத் திருத்தி ஊராக்கியது தனியார் முயற்சியே என்பது ஒரு கட்சி. துணிந்து காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் தோட்ட முதலாளிகள்; அரசாங்கம் பின்னால் வந்து வரி வாங்கிற்று என்பர் இவர்கள். சாலை, மின்சாரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் யாவும் அரசாங்கத்தின் கொடை. அவை இல்லையேல் ஒரு பெட்டித் தேயிலைகூட மலையைவிட்டுக் கீழே இறங்கியிராது என்பது மறுகட்சி. (அழிக்கப்பட்ட காட்டில் செமாய் மக்கள் முன்பே வாழ்ந்திருந்தனர் என்பதை இரு கட்சியாரும் வசதியாக மறந்துவிடுகின்றனர்.)

வளரும் நகரத்துக்கு உரமாவது தனியார் ஊக்கமா, அரசாங்க முதலீடா என்னும் வழக்கு உலகெங்கும் நடப்பதுதான். அதனைத் தானா ராத்தாவில் வைத்து விசாரிப்பதில் ஒரு வசதி உண்டு. இவ்வூருக்கு வயது நூறுதான். எந்த மன்னரும் இதனைத் தலைநகராக்கவில்லை. துறைமுகமோ, பழைய சந்தையோ இதற்கில்லை. ஆகவே இங்கே விழுந்த காசு யாருடையது, எப்போது விழுந்தது என்று கணக்குப் பார்ப்பது மற்ற ஊர்களைப்போல் அத்துணைக் கடினமன்று.

கணக்கை 1885இல் தொடங்குவோம். அவ்வாண்டு அரசாங்க நில அளவையாளரான வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு அறிவித்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் எந்த முதலாளியும் இப்பக்கம் திரும்பவில்லை. ஈயமும் ரப்பரும் கீழ்நாட்டில் பொன்னாய் விளைந்துகொண்டிருந்தபோது, வழியில்லாத மலைக்கு எவர் பணங்கொண்டு வருவார்? 1925இல் மலாய் ஐக்கிய நாடுகளின் தலைமைச் செயலாளர் ஸர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, இங்கே ஒரு மலைவாசத் தலம் அமைக்கலாம் என்று முடிவு செய்தார். தானா ராத்தாவில் அரசாங்கத்தின் பயிர்ச் சோதனை நிலையம் ஒன்று ஏற்பட்டது. இம்மண்ணில் தேயிலை வரும், காப்பி வரும், காய்கறி வரும் என்று பொதுப்பணத்தில் நட்டுப்பார்த்துச் சொன்னது அந்நிலையந்தான். 1926இல் தாப்பாவிலிருந்து சாலை போடத் தொடங்கினார்கள். மழையும் மலேரியாவும் மண்சரிவும் வேலையை இழுத்தடித்தன. முடிவதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பிடித்தன. இதிலும் ஒரு நுட்பம் உண்டு: செலவு அரசாங்கத்துடையது, வேலையை எடுத்துச் செய்தது தனியார் ஒப்பந்தக் கம்பெனி. அந்த வளைவுகளில் இன்று பஸ்ஸேறி வயிறு புரண்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியை நொந்துகொள்வது என்று தெரியாமல் திகைக்கலாம்!

சாலை முடியுமுன்பே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் நாலாயிரம் ஏக்கருக்கு உரிமை பெற்றுப் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையில் பழுத்த அனுபவமுள்ள ஏ. பி. மில்ன் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். உலக வாணிபம் சரிந்துவிழுந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் மலைச்சரிவில் பணத்தைக் கொட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதனை மறுப்பது நேர்மையாகாது. 1933இல் வட இந்திய வணிகர் ஒருவர் தொடங்கிய பாரத் தோட்டமும் அவ்வாறே. ஆயினும் ரஸ்ஸலின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்தவற்றுள் ஒன்று பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம். அந்தக் கரியைப் பேரளவில் வாங்கியது அரசாங்க ரயில்வே. அரசாங்கம் வாங்கிய கரியின் இலாபத்தில் ஒரு பங்கேனும், அரசாங்கம் போட்ட சாலை வழியே மலையேறியிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. ‘தனியார்’ என்னும் சொல்லை உரித்துப் பார்த்தால் உள்ளே இத்தகைய தோல்கள் பல உண்டு.

கூலியாட்கள் வந்த கதையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் விளங்கும். தடையற்ற தொழிலின் அடிப்படை, ஆளும் கூலியும் சந்தையில் தாமாகவே அமைவது என்பர். மலாயாவில் அப்படி நடக்கவேயில்லை. 1907இல் ஒரு குடியேற்ற நிதியை அரசாங்கம் அமைத்தது. தோட்டங்களிடம் தீர்வை வாங்கி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் முகாம் வைத்து, கப்பற் சத்தம் கொடுத்துத் தமிழரை ஏற்றி அனுப்பியது அந்த நிதிதான். குடியிருப்பு, மருத்துவம், தோட்டப் பள்ளிக்கூடம் ஆகியவை எப்படி இருக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. கூலியின் அளவையும் அரசாங்கமே வரையறுத்தது. வரையறுத்தபோது யார் முகத்தைப் பார்த்து வரையறுத்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுச் செல்லும் குடியேற்றத்தை நிறுத்தும்வரை இம்முறை நீடித்தது. ஆகவே முதற்கட்சியின் வழக்கு பாதி தோற்றுவிடுகிறது.

மறுகட்சி வென்றதா என்றால், அதுவும் இல்லை. அரசாங்க முதலீட்டுக்கு அவர்கள் காட்டும் பெருஞ்சான்று கேமரன் மலை நீர்மின் திட்டம். 1958இல் மலாயா பெற்ற முதல் உலக வங்கிக் கடன் இதற்காகத்தான். தொகை 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர். தெலோம் ஆற்று நீரைச் சுரங்கவழி பெர்த்தாமுக்குக் கொண்டுவந்து, ரிங்லெட்டில் சுல்தான் அபுபக்கர் அணையால் தேக்கி, மலையைக் குடைந்து பேராப் பக்கம் இறக்கி, ஜோர் மின்நிலையத்தில் 100 மெகாவாட் எடுத்தார்கள். 1963இல் வேலை முடிந்தது. எந்தத் தனி முதலாளியும் அன்று இதனைச் செய்திருக்க மாட்டார், இதில் ஐயமில்லை.

ஆனால் அந்த அணைக்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள். ஏரிக்கு மேலே சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள் பெருகின. சீனரும் தமிழரும் அங்கே பயிர்செய்தனர். அவர்களிற் பலருக்கு நிலப்பட்டா கிடையாது. ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் தற்காலிக அனுமதியின்பேரில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு நமக்கு உண்டா இல்லையா என்று தெரியாத நிலத்தில் எவன் கல்லடுக்கி வரப்புக் கட்டுவான்? எவன் மண்ணரிப்பைத் தடுக்க மரம் வைப்பான்? கிடைத்தவரை எடுத்துக்கொள் என்பதே அங்குச் சட்டமாயிற்று. அனுமதியே இல்லாமல் காட்டை வெட்டியோரும் சேர்ந்துகொண்டனர். மண் கரைந்து பெர்த்தாமில் இறங்கியது. ரிங்லெட் ஏரி சேறடைந்து, நீர் கொள்ளும் இடம் சுருங்கியது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், பெருமழையால் ஏரி நிரம்பி அணை நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன; உயிர்களும் போயின. ஒரு கையால் கோடிகள் செலவிட்டு அணை கட்டிய அரசாங்கம், மறு கையால் உறுதியற்ற அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்து அந்த அணையைத் தூர்த்துக்கொண்டது என்றே நான் சொல்வேன். உழவரின் பேராசையை மட்டும் குற்றஞ்சாட்டும் பத்திரிகைத் தலையங்கங்கள் இவ்விடத்தில் பாதிக் கண்ணை மூடிக்கொள்கின்றன.

இதிலிருந்து வழக்கின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. முதல் யாருடையது என்று இரு கட்சியாரும் சண்டையிடுகின்றனர். நிலம் யார் பேரில் எழுதப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. ஊர் வளர்ந்தால் வளர்ச்சியின் பயன் நிலத்தின் விலையில் போய்த் தங்குகிறது. தானா ராத்தாவின் பெரிய தெருவில் ஒரு கடை மனைக்கு அன்றிருந்த விலையென்ன, இன்று ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் எழுந்தபின் உள்ள விலையென்ன? அந்த உயர்வைத் தந்தவர்கள் சாலை போட்டவர், தேயிலை நட்டவர், கொழுந்து கிள்ளியவர் அனைவருமே. பெற்றுக்கொண்டவர்களோ பட்டா வைத்திருந்தவர்கள் மட்டுமே.

கொழுந்து கிள்ளியவர் லயத்தில் இருந்தார். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் நிற்கும். முப்பது நாற்பது ஆண்டுகள் பெரட்டுக்கு நின்றவர், ஓய்வு பெறும் அன்று தாம் பிறந்த மலையிலேயே வாடகைக்கு இடம் தேடவேண்டும். நகரத்து வாடகையோ உல்லாசப் பயணிகளின் மடியை அளந்து வைத்த வாடகை. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். தேயிலைச் சரிவுகளில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர். அவர்களுக்கும் வீடு வேலையோடு ஒட்டியதே.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணவேண்டாம். ரஸ்ஸல் இங்கே தோட்டம் திறந்த அதே 1929இல், திருநெல்வேலி மாஞ்சோலை மலையில் 8,373 ஏக்கர் நிலத்தைச் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது பம்பாய் பர்மா கம்பெனி. ஜமீன் போய் நிலம் அரசாங்கத்துடையதாயிற்று. குத்தகை 2028இல் முடியும் நிலையில், கம்பெனி 2024இல் தொழிலாளரை விருப்ப ஓய்வு என்ற பெயரில் அனுப்பத் தொடங்கியது. அரசாங்கத்தின் தேயிலைத் தோட்டக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்று தொழிலாளர் மன்றாடினர். கழகம் நஷ்டத்தில் நடக்கிறது என்றது அரசாங்கம். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தனியார் முதலாளி போகிறார், அரசாங்கம் வர மறுக்கிறது. நான்கு தலைமுறையாகக் கொழுந்தெடுத்த குடும்பம் கீழே இறங்குகிறது. இவ்விடத்தில் எந்தக் கட்சிக்கு வெற்றி முழங்குவது?

வேறு வழியே இல்லையா என்பார்க்கு, நம் நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள. 1956இல் பெல்டா நில வளர்ச்சி வாரியம் ஏற்பட்டு, இதே பகாங் மாநிலத்து லூரா பீலுட்டில் 1958இல் குடியேற்றம் தொடங்கியது. முதல் அரசாங்கத்துடையது, கடனடைத்தபின் நிலம் குடியேறியவனுடையது என்பது அதன் அடிப்படை. தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் அதற்குள் வரவில்லை. இரண்டாவது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் புறப்பட்ட காலம் அது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு சங்கம் முழுத் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கூட்டுறவிலும் குறைகள் உண்டு. பங்குச் சீட்டு வைத்திருப்பவன் வீட்டுப் பட்டா வைத்திருப்பவன் ஆகிவிடமாட்டான். ஆனாலும் கூலிக்காரனுடைய காசும் முதல்தான் என்று ஏட்டில் எழுதிக்காட்டியது அது.

தேயிலை மலைக்கு அத்தகைய முயற்சி பெரிதாக எட்டவில்லை. இனி எட்டுமாறு செய்வதாயின், பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மலையில் அடுத்த ஹோட்டலுக்கோ அடுக்குமாடிக்கோ நிலம் ஒதுக்கும்போது, ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளர் தவணையில் வாங்கிக்கொள்ளும்படி மனைகள் சிலவற்றையும் ஒதுக்கவேண்டும். காய்கறிப் பயிர் செய்வோருக்கு, சரிவைக் காப்பதென்னும் நிபந்தனையோடு நீண்ட குத்தகை கொடுக்கவேண்டும். முதலைத் தனியார் போடுவதா அரசாங்கம் போடுவதா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.