எல்லோருக்கும் 5 வாட்தான்

ஆஸ்திரேலியாவில் பாலைவனத் தடங்களுக்கு ஒரு ஃபோர்-வீல் டிரைவ் வண்டியைத் தயார்செய்கிறவர்கள், ரேடியோ என்றதும் முதலில் பெட்டியைத்தான் ஒப்பிடுகிறார்கள். திரை வண்ணமா, ப்ளூடூத் உண்டா, எத்தனை பட்டன் என்று பார்த்துப் பார்த்து விலைப்பட்டியலில் மேலே ஏறுகிறார்கள். எவ்வளவு ஏறினாலும் ஒன்று மட்டும் மாறாது. அங்கே பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய யுஎச்எஃப் சிபி அலைவரிசை 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. 80 சேனல், ஆளுக்கு ஆள் உரிமம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒலிபரப்பும் சக்தி 5 வாட்டைத் தாண்டக் கூடாது. மலிவான பெட்டிக்கும் 5 வாட், உச்ச விலைப் பெட்டிக்கும் 5 வாட். அப்படியிருக்க, ஒரு வண்டியின் குரல் 2 கிலோமீட்டரிலேயே கரைந்துபோவதற்கும் இன்னொன்றின் குரல் 10 கிலோமீட்டர் தள்ளியும் தெளிவாகக் கேட்பதற்கும் காரணத்தைப் பெட்டிக்கு வெளியேதான் தேட வேண்டும். ஏரியல் எங்கே நிற்கிறது, கேபிள் எந்த வழியாகப் போகிறது, கனெக்டரை எப்படிப் பற்றவைத்தார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. விமர்சனம் எழுதுகிற நாங்களும் பெட்டியையே பேசிப் பேசி, வாங்குகிறவரின் பணத்தைத் தவறான பக்கம் திருப்பிவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை சிம்ப்சன் பாலைவனத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. வடக்கு-வடமேற்கிலிருந்து தெற்கு-தென்கிழக்காக, உழுத வயலின் வரப்புகளைப்போல, ஏறத்தாழ 1,100 மணல் மேடுகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. மேற்கிலிருந்து பேர்ட்ஸ்வில் ஊரை நோக்கிக் குறுக்கே போகிறவர் அவற்றை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியாக வேண்டும். கடைசியில் நிற்கும் ‘பிக் ரெட்’ மேட்டின் உயரம் சுமார் 40 மீட்டர். உச்சியை எட்டுகிற நேரத்தில் பானெட் மேல்நோக்கி நிற்கும். கண்ணாடியில் வானம் மட்டுமே தெரியும். தடமோ ஒரு வண்டி அகலம். எதிரே வருகிறவருக்கும் அதே வானம்தான். மணலில் வேகம் இல்லாமல் ஏற முடியாது, ஏறிய பிறகு சட்டென்று ஒதுங்கவும் இடம் இருக்காது. உயரக் கம்பியில் கொடி கட்டச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் கொடி கண்ணில் படுவது கடைசிச் சில மீட்டரில். ரேடியோ அதற்கு நெடுநேரம் முன்பே, ‘மூன்று வண்டி கிழக்கே வருகிறோம்’ என்று 10ஆம் சேனலில் சொல்லிவிடும். சமதரையில் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கும் இரு ஏரியல்களுக்கு இடையே ரேடியோவின் தொடுவானம் சுமார் 11 கிலோமீட்டர். அலையின் நீளம் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர்தான் என்பதால், மேடு குறுக்கிட்டால் அது வளைந்து பின்பக்கம் இறங்குவது அரிது. பள்ளத்தில் நிற்கும் வண்டி நிழலில் விழுந்துவிடும். எனவே பேச வேண்டிய இடம் பள்ளம் அல்ல, உச்சி.

இப்போது பெட்டிக்கு வருவோம். சிட்னியில் தயாராகும் ஜிஎம்இ நிறுவனத்தின் எக்ஸ்ஆர்எஸ்-370சி இன்றைய போக்குக்கு நல்ல உதாரணம். உடல் சிறியது, சீட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒளித்துவிடலாம். சேனல், ஒலியளவு, திரை, ஸ்பீக்கர் எல்லாம் மைக்கிலேயே வந்துவிடுகின்றன. டேஷ்போர்டு முழுக்க தொடுதிரை அடைத்துக்கொண்ட வண்டிகளில் வேறு வழியும் இல்லை, அந்த வகையில் இந்த வடிவம் அருமை. ஆனால் ரேடியோவின் உயிர் முழுவதும் ஒரு சுருள் வயரிலும் அதன் முனையிலுள்ள ஆர்ஜே45 பிளக்கிலும் தொங்குகிறது. கணினி நெட்வொர்க் கேபிளில் பார்க்கிற அதே எட்டு முள் பிளக். செம்மண் தூசி அந்தப் பொன் நிற முட்களில் படிந்தால், அல்லது கிளிப்பிலிருந்து நழுவிய மைக்கைக் கால் மிதித்தால், பேச்சும் போகும், சேனல் மாற்றும் வசதியும் சேர்ந்தே போகும். உடலிலேயே குமிழ் இருக்கும் பழைய வகையில் மைக் செத்தாலும் கேட்கவாவது முடியும். டேஷ்போர்டில் இடமிருப்பவர்கள் அந்தப் பழைய வகையையே வாங்கட்டும் என்பது என் கருத்து. தடதடக்கும் தடத்தில், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் விரலால் தடவித் திருப்ப ஒரு குமிழ் இருப்பது பெரிய ஆறுதல். மைக் வகைதான் வேண்டுமென்றால் மாற்று மைக் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வகைக்கும் ஒலிபரப்பில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தொடங்குவது ஏரியலில். கடையில் 3, 6, 9 டிபிஐ (ஏரியலின் ஈட்டத்தைக் குறிக்கும் அலகு) என்று மூன்று ரகம் அடுக்கி வைத்திருப்பார்கள். எண் பெரிதானால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏரியல் எந்தச் சக்தியையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கிற 5 வாட்டை எந்தத் திசையில் பரப்புவது என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. 3 டிபிஐ ஏரியலின் வீச்சு பூசணிக்காய்போல் உருண்டையானது. 9 டிபிஐயின் வீச்சு தோசைபோல் தட்டையாக, தொடுவானம் வரை விரியும். நல்லார்பார் சமவெளி நெடுஞ்சாலையில் அந்தத் தோசை அபாரமாக வேலைசெய்யும். மணல் மேட்டில் வண்டி 20 டிகிரி சாய்ந்து ஏறும்போது அதே தோசையும் சாயும். முன்விளிம்பு வானத்துக்குப் போகும், பின்விளிம்பு மணலுக்குள் புதையும். கூடவே, இரண்டு மீட்டரை நெருங்கும் மெல்லிய கம்பி குலுங்கிக் குலுங்கி அடிப்பக்கம் முறிவதும் உண்டு. மேடு பள்ளம் கலந்த பயணத்துக்கு, ஸ்பிரிங் அடியுடன் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள 6 டிபிஐ ஃபைபர் கிளாஸ் ஏரியல் போதும். மலைக்காட்டுக்கு மட்டும் போகிறவர் குட்டையான 3 டிபிஐயைத் திருகி மாட்டிக்கொள்ளலாம். அடி ஒன்றே, தலை மட்டும் மாறும்படி சில ஏரியல்கள் வருகின்றன. புல் பாரில் பொருத்துவதா, கூரையிலா என்ற வாதத்தில் நான் கூரைப் பக்கம். உயரம் கிடைக்கும், வண்டியின் உடல் பின்திசையை மறைக்காது. ஆனால் மரக்கிளையும் கார் நிறுத்துமிடக் கூரையும் தடுக்கும் என்று புல் பாரையே தேர்ந்தெடுப்பவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் அடியில் உலோகப் பரப்பு (கிரவுண்ட் பிளேன்) தேவைப்படாத ஏரியலாகப் பார்த்து வாங்கி, ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடது முனையில் வைக்கட்டும். கான்வாயில் பின்னால் வருகிறவருக்குக் குரல் சற்று மெலிந்தே கேட்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இனி கேபிள். வண்டிகளில் வழக்கமாக வருவது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்ஜி-58. இந்த அலைவரிசையில் அதன் நாலரை மீட்டர் நீளம் மட்டுமே புறப்பட்ட சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மிச்சமான நீளத்தைச் சுருட்டி டேப் சுற்றி வைக்காமல் அளவாக வெட்டி, பிஎல்-259 கனெக்டரைப் புதிதாகப் பற்றவைப்பதே நல்லது. பலர் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். வெளி உறையை உரித்ததும் செம்பு வலை தெரியும். அதைப் பின்னோக்கி மடிக்கும்போது முடியளவு இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டபடி நின்றுவிட்டால் ஏரியல் ஷார்ட் ஆகிவிடும். சூட்டை அதிக நேரம் காட்டினால் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெண்ணிறப் பிளாஸ்டிக் இளகி, கம்பி ஒருபக்கம் சரிந்துவிடும். கண்ணுக்குப் பளபளவென்று தெரிகிற கனெக்டர் உள்ளே இப்படி இருக்கலாம். முனை பற்றவைத்ததும், மறுமுனை ஏரியலில் சேராமல் இருக்கும்போதே, நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்; தொடர்பு காட்டவே கூடாது. என்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் நுழையும் இடத்தில் ஏற்கெனவே உள்ள ரப்பர் வளையத்தின் வழியாக விட்டு, நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் தாழ்த்தித் தொங்கவிட வேண்டும். மழை நீர் அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே ஓடாது. எல்லாம் முடிந்ததும், ஏரியலிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1.5க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 3 காட்டினால் அனுப்பியதில் கால்வாசி திரும்பி வருகிறது என்று பொருள். 27 மெகாஹெர்ட்ஸுக்கு வாங்கிய பழைய மீட்டர் இங்கே பொய் சொல்லும், யுஎச்எஃப்புக்கானதே வேண்டும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமானது. பாசிட்டிவ் வயரை பேட்டரியிலிருந்தே எடுத்து, ஃபியூஸை பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் உள்ள புது வண்டிகளில், நெகட்டிவை அந்த முனையில் மாட்டாமல் உடலின் எர்த் புள்ளியில் மாட்டுவதே முறை. எல்இடி லைட் பார், இரண்டாம் பேட்டரியின் டிசி சார்ஜர் இரண்டும் ரேடியோவின் காதை மந்தமாக்கக்கூடியவை. வெற்று இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தால் இரைச்சல் யாருடையது என்று தெரிந்துவிடும்.

கையடக்க வாக்கி டாக்கியிலும் 5 வாட் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, விரல் நீள ஏரியலில் பேசினால் அந்த 5 வாட்டில் வெளியே போவது கொஞ்சம்தான். அதற்கும் ஒரு வேலை உண்டு: வண்டியை விட்டு இறங்கி, பாறைக்கு நடுவே சக்கரத்துக்கு வழிகாட்டுகிறவர் கையில் அதுதான் இருக்க வேண்டும். இரண்டாவது கருவியாக அதை நானும் பரிந்துரைக்கிறேன். கூரையில் ஸ்டார்லிங்க் தட்டும் சட்டைப்பையில் சாட்டிலைட் போனும் இருக்கும்போது ரேடியோ பழைய காலத்துச் சாமான் என்பது இன்னும் வலுவான வாதம். ஊரிலிருந்து உதவி கூப்பிட அவை ரேடியோவைவிடப் பல மடங்கு மேல். இதில் தயக்கமே இல்லை. ஆனால் போனில் பேச எண் தெரிய வேண்டும். மேட்டுக்கு மறுபுறம் ஏறிக்கொண்டிருக்கிறவரின் எண் உங்களிடம் இல்லை, பெயரும் தெரியாது, அவர் அங்கே இருப்பதே தெரியாது. முகம் தெரியாத பக்கத்து ஆளிடம் அந்த நிமிடமே பேசுகிற கருவி இது ஒன்றுதான். நெடுஞ்சாலையில் பல டிரெய்லர்களை இழுத்துச் செல்லும் ரோடு டிரெய்ன் லாரியின் ஓட்டுநரிடம் ‘முந்தலாமா’ என்று 40ஆம் சேனலில் கேட்பதும் இப்படித்தான். 5, 35ஆம் சேனல்கள் அவசரத்துக்கு மட்டும். 22, 23இல் பேசக் கூடாது, அவை தரவு அனுப்பும் கருவிகளுக்கு.

அங்கே வாங்கிய பெட்டியை இந்தியாவுக்கு எடுத்துவர ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 477 மெகாஹெர்ட்ஸ் இங்கே உரிமமில்லாமல் பேசும் அலைவரிசை இல்லை. இந்தியாவில் சிட்டிசன் பேண்ட் என்று 2005 விதிகளில் விலக்கு பெற்றது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதிலும் 5 வாட்தான் வரம்பு. ஏரியலின் நீளம் மாறும், கேபிள் விழுங்குவது வெகுவாகக் குறையும், என்ஜின் இரைச்சல் கூடுதலாகத் தொல்லைப்படுத்தும். கனெக்டருக்குள் நிற்கும் அந்த ஒற்றைச் செம்பு இழை மட்டும் எந்த அலைவரிசையிலும் அதே கெடுதலைத்தான் செய்யும். கையில் ஒரே தொகைதான் இருக்கிறது என்றால், பெட்டியில் ஒரு படி இறங்கி வாங்குங்கள். அந்த மிச்சத்தில் நல்ல ஏரியலும் ஒரு யுஎச்எஃப் மீட்டரும் வந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இன்னொரு வண்டியை 5 கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, உங்கள் வண்டியை நான்கு திசைக்கும் திருப்பித் திருப்பிப் பேசிப் பாருங்கள். எந்தத் திசையில் குரல் மெலிகிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி மைக் கிளிப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.