பயண அட்டையும் பட்டமும்

இரண்டாண்டுப் படிப்பை மாணவர் பாதியில் விட்டால், கல்லூரி நிர்வாகம் அவருடைய வறுமையையோ அக்கறைக் குறைவையோ காரணம் காட்டுவது வழக்கம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டம் அந்த வழக்கத்தை விட்டு விலகியது. மாணவரைத் திருத்துவதை விட்டுவிட்டு, அவர் வழியில் கிடக்கும் தடைகளை நிர்வாகமே அகற்ற முன்வந்தது. அதன் தலைமைக்கு இதற்காகவே பாராட்டு சேர வேண்டும்.

உதவித்தொகை போக மீதமிருந்த கல்விக் கட்டணத்தைத் திட்டமே ஏற்றது. பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தன. கையில் காசில்லாததால் வகுப்புக்கு வராமல் போகக்கூடாது என்று பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் மாத அட்டை கொடுத்தது. ஆனால் திட்டத்தில் ஒழுங்காகப் பங்கேற்றால்தான் அட்டை கைக்கு வரும். எல்லாவற்றையும் விட முக்கியமானவர் ஆலோசகர். தொடக்க ஆண்டுகளில் மற்ற மாணவர்களுக்கு 600 முதல் 1,500 பேருக்கு ஒருவர் இருந்தார். இங்கே 60 முதல் 80 பேருக்கு ஒருவர் இருந்தார். எந்தப் பாடத்தில் யார் தடுமாறுகிறார் என்பது அவருக்குப் பெயரோடு தெரிந்திருந்தது.

பலன் வெறும் விளம்பரம் அல்ல. அடிப்படைப் பயிற்சி வகுப்பு தேவைப்பட்ட ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து எம்டிஆர்சி ஆய்வு நிறுவனம் சோதித்தது. மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றியபோது 35-க்கு 19. நியூயார்க்கின் தனி அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

செலவு கூடத்தான் செய்தது: மாணவர் ஒருவருக்கு மூன்றாண்டில் சுமார் 16,300 டாலர் அதிகம். ஆனாலும் கிடைத்த பட்டங்களைக் கொண்டு வகுத்தால், ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தே இருந்தது.

குறைகளும் சிறியவை அல்ல. முழுநேரம் படிக்க ஒப்புக்கொண்டவருக்கு மட்டுமே இடம். பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் இரண்டு பாடம் படிக்கும் தாய்க்குக் கதவு திறக்கவில்லை. சமுதாயக் கல்லூரிகளை நம்பி வருபவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆறாண்டு கழித்துப் பார்த்தால் பட்டம் பெற்றவர்களின் இடைவெளியும் 51-க்கு 41 சதவீதம் என்று சுருங்குகிறது. திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களிலும் பலர் தாமதமாகக் கரை சேர்ந்திருக்கிறார்கள். அந்தத் தாமதத்தைக் குறைத்ததும் பெரிய காரியமே. ஏழைக் குடும்பத்துக்குச் சம்பளமில்லாத ஓராண்டு எவ்வளவு பாரம்!

இன்னும் உறுத்துவது வேறொன்று. பாடத்திட்டத்தையோ கற்பிக்கும் முறையையோ ஏசாப் தொடவில்லை. மாணவரை வகுப்பறை வாசல் வரை அக்கறையோடு கொண்டுவந்து விட்ட நிர்வாகம், கணக்குப் பாடம் உள்ளே எப்படி நடக்கிறது என்பதை ஆசிரியரிடமே விட்டுவிட்டது. பட்டம் பெற்றவர் எண்ணிக்கை கையில் இருக்கிறது. அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. திட்டத்தை விரிவாக்கும் கல்லூரிகள் பகுதிநேர மாணவருக்கும் அந்த ஆலோசகரைக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களையும் திட்டத்துக்குள் அழைத்துவர வேண்டும்.