மண்டையோடு இல்லாத மரணம்

குறியீடு பற்றி நம் இலக்கியக் கூட்டங்களில் நிறையவே பேசப்படுகின்றது. இன்ன பொருளுக்கு இன்ன அர்த்தம் என அகராதிபோல் வாசிக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்துள்ளது. இது எவ்வளவு போதாதது என்பதை அசையாப் பொருள் ஓவியங்களின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

பிரெஞ்சு மொழியில் இவ்வகை ஓவியத்தின் பெயரே 'இறந்த இயற்கை' என்றுதான் பொருள்படும். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தில், குறிப்பாக லெய்டன் நகரில், 'வனிடாஸ்' என்றொரு தனிப்பிரிவு செழித்தது. மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுதிரி, நீர்க்குமிழி ஆகிய யாவும் வாழ்வின் நிலையாமையைச் சொல்லவே மேசையில் வைக்கப்பட்டன. அங்கே அகராதி வாசிப்புப் பொருந்தும். வரைந்தவரும் பார்த்தவரும் அந்த அகராதியை ஒருங்கே அறிந்திருந்தனர்.

போல் செசான் இளமையில், 1866ஐ அண்டி வரைந்த ஓவியமொன்றில் மண்டையோடும் மெழுகுதிரித் தண்டும் புத்தகமும் உள்ளன. பழைய பாடமே அது. 1900ஐ அண்டி அவர் வரைந்த 'மண்டையோடுகளின் பிரமிட்' வேறு விதமானது. தாயார் 1897இல் இறந்துவிட்டார். செசானையும் நீரிழிவு வாட்டியது. இவ்வோவியத்தில் மெழுகுதிரியுமில்லை, புத்தகமுமில்லை. நான்கு மண்டையோடுகள் மாத்திரம், பார்ப்பவரின் முகத்துக்கு வெகு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அப்பிள்களை ஆராய்ந்த அதே பொறுமையுடன் எலும்பின் வளைவையும் கண்குழியின் இருளையும் அவர் ஆராய்கின்றார். போதனை விலகிவிட்டது. 1906இல் மறைந்த ஒரு முதியவர், தன் முடிவை நேர்நின்று பார்த்த பார்வையே அங்கு எஞ்சுகின்றது.

1942 மார்ச்சில் சிற்பி ஜூலியோ கொன்சாலஸ் இறந்தார். அவரின் நண்பரான பிக்காசோ, ஜேர்மனியர் வசமிருந்த பாரிஸில், அடுத்த மாதமே மாட்டு மண்டையோடொன்றை மேசைமீது வைத்து வரைந்தார். பின்னால் இருண்ட ஜன்னல். மனித மண்டையோடு இருக்கவேண்டிய இடத்தில் மாட்டினது வந்தவுடன் பழைய அகராதி கைவிட்டுவிடுகின்றது. துக்கத்தை இங்கு ஊதா நிறமும் முறிந்த கோடுகளுமே சுமக்கின்றன.

இத்தாலியரான ஜோர்ஜோ மொராண்டி (1890–1964) இன்னும் ஒருபடி அப்பால் செல்கின்றார். பொலோஞ்ஞா நகரில் சகோதரிகளுடன் வாழ்ந்த அவர், அதே போத்தல்களையும் பெட்டிகளையும் கூசாக்களையும் பல தசாப்தங்களாக இடம்மாற்றி வைத்து வரைந்தார். அவற்றில் படிந்த தூசியைத் துடைக்கவில்லை. எலும்பில்லை, வாடிய பூவுமில்லை. பிந்திய ஓவியங்களில் போத்தலின் விளிம்பு பின்னணிச் சுவரோடு கரையத் தொடங்குகின்றது. எது பொருள், எது வெளி என்ற எல்லை தளர்கின்றது. இன்று அப்பொருள்கள் அவர் வீட்டில் பேணப்படுகின்றன. வரைந்த கைதான் இல்லை.

இதில் மரணத்தைக் காண்பது நாம் ஏற்றிச் சொல்வதல்லவா என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மொராண்டியின் போத்தல் மரணத்தின் 'குறியீடு' அல்லதான். அது போத்தலே. ஆனால் நீண்ட நேரம் பார்க்கையில், பொருள் தங்கிவிடுவதையும் பார்ப்பவன் கடந்துபோவதையும் அது உணரவைக்கின்றது. ஒல்லாந்து ஓவியர் சொல்லித்தந்ததை இவர் அனுபவிக்கத் தருகின்றார்.

நம் கவிதைகளில் உதிரும் இலையும் அணையும் விளக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எழுதுபவரும் விளக்குபவரும் அந்தத் தூசி படிந்த போத்தல்களைச் சற்று நேரம் பார்த்திருப்பது நல்லது.