ஃப்ளூரினின் கைநேர்த்தி

மாட்டின் கணையத்தில் ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது. மொத்தமே 58 அமினோ அமிலங்கள். மற்றப் புரதங்களை வெட்டித் தள்ளும் டிரிப்சின் நொதியைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. 15ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் தன் நீண்ட கையை நொதியின் குழிக்குள் ஆழமாக விட்டுப் பிடித்துக்கொள்ளும். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பெயாட்டே கோக்‌ஷின் குழுவினர் அந்த லைசினை எடுத்துவிட்டு, கை குட்டையான வேறோர் அமினோ அமிலத்தை வைத்துப் பார்த்தார்கள். பிடி தளர்ந்துபோனது. பிறகு அந்தக் குட்டைக் கையின் நுனியில் ஹைட்ரஜனைக் கழற்றி ஃப்ளூரினை மாட்டினார்கள். பிடி திரும்பிவிட்டது!

கை நீளவில்லையே, எப்படி எட்டியது? புரதமும் நொதியும் சேர்ந்த படிகத்தை எக்ஸ்கதிரில் பார்த்தால் தெரிகிறது: குழியில் மிஞ்சிய இடத்தில் நீர் மூலக்கூறுகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன, ஃப்ளூரின் அவற்றோடு ஒட்டி உறவாடுகிறது. நான்ஸ்டிக் தவாவில் தண்ணீரை ஒட்டவிடாமல் உருட்டிவிடும் அதே ஃப்ளூரின்தான்! இப்படியொரு புரதத்தைச் செய்வதன் பின்னாலுள்ள பொறுமையும் லேசுப்பட்டதல்ல. அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, சங்கிலி சரியாக மடிந்து, அதைப் பிணைக்கும் மூன்று கந்தகப் பாலங்களும் ஜோடி மாறாமல் சேர வேண்டும். சில அணுக்களை மட்டும் மாற்றிக் கிடைத்த இந்த 2015ஆம் ஆண்டு முடிவு, நான் அறிந்தவரை புரத வேதியியலின் மிக நேர்த்தியான கைவேலைகளில் ஒன்று.