மலையிலிருந்து கடலை நோக்குதல்: படை அதிகாரிகளின் கடற்போரியல் ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

கடற்போரியல் என்னும் அறிவுத்துறை பெரிதும் வகுப்பறையிலேயே வளர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நியூபோட் நகரில் 1884இல் நிறுவப்பெற்ற கடற்படைப் போர்க் கல்லூரியில், அதிகாரிகளுக்கென ஆயத்தஞ்செய்த விரிவுரைகளையே அல்பிரட் மஹான் 1890இல் நூலாக்கினார். பிரித்தானியரான ஜூலியன் கோபெற் 1911இல் வெளியிட்ட நூலும் அத்தகைய விரிவுரைகளின் விளைவே. மஹான் கடலாதிக்கத்தை முதன்மைப்படுத்தினார். கோபெற்றோ, மனிதர் வாழ்வது நிலத்திலேயாதலின், கடலில் நிகழ்வன நிலத்தில் விளைவிக்கும் பயன்கொண்டே மதிக்கப்படவேண்டும் என வாதிட்டார். இலங்கைப் படை அதிகாரிகள் மாணவராயிருந்து எழுதும் ஆய்வேடுகளை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாடு தக்கதோர் உரைகல்லாகும்.

இரத்மலானையிலுள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகம், மாக்கொல பட்டலந்தையிலுள்ள பாதுகாப்புச் சேவைகள் கட்டளை மற்றும் பதவிநிலைக் கல்லூரி, நீலகிரி வெலிங்டன் கல்லூரி, அமெரிக்காவின் மொன்டரே கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரி ஆகியன இவ்வாய்வுகளின் களங்களுட் சில. கடற்புலிகளை எதிர்கொண்ட சிறப்புப் போர்முறையை, எதிரியிடமிருந்தே கற்றலாக நோக்கிய இலங்கைக் கடற்படை அதிகாரி ஒருவரின் ஆய்வேடு 2012இல் மொன்டரேயில் ஏற்கப்பட்டது. முன்னாட் கடற்படைத் தளபதி ஜயநாத் கொலம்பகேயும் கடலிற் சமச்சீரற்ற போர் பற்றித் தனிநூல் எழுதியுள்ளார். சிறுபடகுத் திரளுக்கு முன் பெருங்கலங்கள் இடர்ப்பட்டமையும், கடற்படை தானும் சிறுபடகுகளைப் பெருக்கியமையும் அனுபவம் வாய்ந்தோரால் எழுதப்படும்போது தனி மதிப்புப் பெறுகின்றன. தோற்கடித்த எதிரியிடம் கற்றதை ஒப்புக்கொள்ளுதல் ஆய்வு நேர்மையின் அடையாளமுமாகும்.

எனினும், இவ்வகை ஆய்வுக்கு இரு தடைகள் உள. முதலாவது, பதவிநிலை. மேலதிகாரியின் கொள்கையை மறுத்தெழுதுதல் கீழ்நிலை அதிகாரிக்கு எளிதன்று. நூலெழுதுதல் கடற்படை அதிகாரியின் தொழிலன்று என மஹானே தம் மேலிடத்தாற் குறைகூறப்பட்டார். இரண்டாவதும் பெரியதுமான தடை, பார்வையின் எல்லை. துறைமுகம், கப்பற்பாதை, வல்லரசுப் போட்டி என்பவற்றோடு பொருட்பரப்பு முடிந்துவிடுமாயின், அக்கடலால் வாழ்வு நிருணயிக்கப்பட்ட மக்கள் ஆய்வுக்குப் புறத்தே நின்றுவிடுகின்றனர்.

இக்குறையைத் தெளிவுறக் காண்பதற்குக் கரையிலன்றி மலையில் நிற்றல் வேண்டும். ஊவா மலைகளுக்குக் கடற்படை அந்நியமன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை தியத்தலாவையில் அமைத்த முகாம், கரைத்தளங்களுக்கும் கப்பற் பெயரிடும் மரபுக்கேற்ப ‘ஊவா’ என்றே அழைக்கப்பட்டது. இன்று இராணுவக் கல்விக்கழகம் அமைந்துள்ளதும் தியத்தலாவையிலேயே. அங்கிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி பண்டாரவளை, எல்ல ஆகியவற்றைக் கடந்து தெமோதரையை அடைகின்றது. அவ்விருப்புப்பாதை தேயிலையைத் துறைமுகத்துடன் இணைத்தது. அத்தேயிலையைப் பறித்தோரின் முன்னோரோ பாக்கு நீரிணையைக் கடந்து வந்தவர்கள்.

தெமோதரையின் லயன்களில் வாழ்ந்தோர்க்குச் சர்வதேச விவகாரம் ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையினரைக் குடியுரிமையற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்க்க விட்டது. அவர்களும் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அதே 1974இலேயே கச்சதீவை உள்ளடக்கிய பாக்கு நீரிணைக் கடலெல்லையும் வரையப்பட்டது. ஒரே இரு அரசுகள், ஒரே ஆண்டு. ஒன்று நீரைப் பிரித்தது, மற்றது மனிதரைப் பிரித்தது. முன்னையதைக் கடல்சார் ஆய்வாகவும் பின்னையதைக் குடிவரவுப் பிரச்சினையாகவும் பிரித்து நோக்குவது, ஆய்வாளரின் வசதிக்கேயன்றி வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. தாயகந் திரும்பியோர் எனப்பட்டோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறிய பாதையும் ஒரு கடற்பாதையே. 1984இற் சேவை நின்றபோது, அக்கரையிற் குடியேறியோர்க்கும் இக்கரையில் எஞ்சியோர்க்கும் இடையிலிருந்த அப்பாதை அடைபட்டது. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிதிறந்தது.

இத்தொடர்பு பழங்கதையுமன்று. ஈரானுக்குச் செலுத்தவேண்டியிருந்த ஏறத்தாழ 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் ஈடுசெய்ய இலங்கை 2021இல் உடன்பட்டது. 2023இன் இறுதியிலிருந்து செங்கடற் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கலங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. கப்பற்கூலி ஏறின் அதன் சுமை ஏற்றுமதியாளரோடு நின்றுவிடுவதில்லை. கடற்பாதையின் பாதுகாப்பு கொழுந்து நிறுக்கும் இடம்வரை பின்தொடரப்படவேண்டியதொன்று.

ஆகவே, அதிகாரிகளின் ஆய்வு தேவையற்றதென்பது இங்கு முடிபன்று. அது பாதிவழியில் நிற்கின்றதென்பதே முடிபாகும். மீதிவழியை அவர்கள் மட்டும் நடந்துவிட முடியாது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் இவ்வாய்வுகளைத் தமிழ் மாணவர் வாசித்தல், விமரிசித்தல், மலையகத்தின் சான்றுகளைக்கொண்டு எதிர்வினா எழுப்புதல் அவசியம். தம்மைப் பங்கிட்ட ஒப்பந்தங்களைப் பற்றிக் கருத்துக் கேட்கப்படாத ஒரு மக்கட் கூட்டத்துக்கு, அக்கடலைப் பற்றிய அறிவில் இனியாயினும் பங்கு இருத்தல் வேண்டும்.